150 பாகம் வலை, 32 அடிப் படகு

அலாஸ்காவின் தென்மேற்கே பிரிஸ்டல் விரிகுடாவில் செவுள் வலை இழுக்கும் படகு 32 அடி நீளத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். ஜூன் நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை கேப்டனும் இரண்டு மூன்று ஆட்களும் அந்த 32 அடிக்குள்தான் உண்டு, உறங்கி, உழைக்கிறார்கள். அடுக்குப் படுக்கையும் ஒரு சின்ன அடுப்பும் போக, மீதி இடமெல்லாம் வலைக்கும் மீனுக்கும்தான். இங்கே பிடிபடுவது சாக்ஐ என்னும் செந்நிறச் சதையுள்ள சால்மன். நம் சந்தையில் இந்தியன் சால்மன் என்று விற்கும் காலா மீன் வேறு இனம்.

எப்போது வலை விடுவது என்பதைக் கேப்டன் தீர்மானிப்பதில்லை. முட்டையிட ஆற்றில் ஏறும் மீன்களை, நாக்னெக், குவிச்சாக் போன்ற ஆறுகளின் கரையில் கோபுரம் கட்டி, மணிக்குப் பத்து நிமிடம் ஆட்கள் எண்ணுகிறார்கள். அடுத்த தலைமுறைக்குப் போதுமான மீன் ஏறுகிறதா என்று பார்த்தே மீன்வளத் துறை பிடிக்கும் நேரத்தை அறிவிக்கிறது. மீன்பிடிச் சட்டங்களில் இவ்வளவு நேர்மையான ஏற்பாடு அரிது. அறிவிப்பு வந்ததும் எல்லைக்கோட்டை ஒட்டிப் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். நேரத்துக்கு முன் கோட்டைத் தாண்டினால் அபராதம்.

ஓர் உரிமத்துக்கு வலை 150 பாகம், அதாவது 900 அடி. மேல்விளிம்பில் மிதவை, கீழ்விளிம்பில் ஈயம். இயந்திர உருளை வலையைச் சுருட்டினாலும், சிக்கிய ஒவ்வொரு மீனையும் கையால்தான் கழற்ற வேண்டும். ஜூலை முதல் வாரத்தில் வரத்து உச்சத்துக்கு வரும்போது விரல்கள் வீங்கி மரத்துப்போகும். வலையோடு வரும் சொறிமீன் முகத்தில் தெறித்தால் எரியும். தூக்கம் இரண்டு மூன்று மணி நேரத் துண்டுகளாகத்தான். சூரியன் நள்ளிரவை ஒட்டி மறைவதால் இருட்டை நம்பி ஓய்வெடுக்கவும் வழியில்லை. ஏற்றமும் வற்றமும் பலமான கடல் இது. கவனம் தப்பினால் படகு மணல்திட்டில் தட்டிவிடும். 1951 வரை விசைப்படகுக்கே இங்கு தடை. பாய்மரத்தை நம்பித்தான் இதே நீரில் மீன் பிடித்தார்கள்.

குளிர்ந்த கடல்நீரில் வைத்த மீனைக் கொள்முதல் கப்பல்கள் கடலிலேயே எடைபோட்டு வாங்கிக்கொள்ளும். ஆட்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். பழகிய ஆளுக்கு விற்ற பணத்தில் பத்தில் ஒன்று அளவில் வரும். வலை வெறுமையாக வந்தால் பங்கும் வெறுமைதான்.

2022இல் விரிகுடாவுக்கு வந்த சாக்ஐ ஏறத்தாழ 7.9 கோடி, அதுவரை கண்டிராத வரத்து. சுமார் 6 கோடி பிடிபட்டது. மீதி ஆறுகளில் ஏறியது.