பிடுங்கி எடுத்த கைப்பிடி

2004 ஆகஸ்டில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியில் இருந்த 'ஸ்டிஸ்' என்ற நிறமாலைக் கருவி செயலிழந்தது. சாதாரணக் கருவி அல்ல அது. சுமார் 150 ஒளியாண்டுக்கு அப்பால், வேறொரு சூரியனைச் சுற்றும் கோளின் வளிமண்டலத்தில் சோடியம் இருப்பதை 2001-ல் காட்டிக்கொடுத்தது அதுதான். அதற்கு முன் சூரியக் குடும்பத்துக்கு வெளியே எந்தக் கோளிலும் வளிமண்டலத்தை யாரும் கண்டறிந்ததில்லை. இவ்வளவு பெயர் வாங்கிய கருவியை முடக்கியது மின்சாரம் வழங்கும் ஒரு சர்க்யூட் பலகை.

பலகையை மாற்றினால் போதும். ஆனால் அது இருந்தது ஏறத்தாழ 560 கிலோமீட்டர் உயரத்தில், 111 திருகுகள் போட்டு இறுக்கிய மூடிக்குள்.

ஹப்பிளைப் பழுதுபார்க்க வசதியாகவே வடிவமைத்திருந்தார்கள் என்பது உண்மைதான். பெரிய பீரோவின் இழுப்பறைபோலப் பழைய கருவியை முழுசாக உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். 1993-ல் கண்ணாடிக் கோளாறு சரியானதும் அந்த வழியில்தான். 2.4 மீட்டர் அகலக் கண்ணாடியின் விளிம்பு 2.2 மைக்ரான் கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தலைமுடியின் தடிமனில் சிறு பங்குதான், ஆனாலும் படங்கள் கலங்கிவிட்டன. கண்ணாடியை மாற்ற முடியாது. பிழையை ஈடுசெய்யும் ஒளியியல் கருவிகளைப் பொருத்திப் பார்வையைத் தெளிவாக்கினார்கள். ஒரு கருவியின் வயிற்றைத் திறந்து உள்ளே கைவைப்பது மட்டும் யாருடைய திட்டத்திலும் இல்லை.

அந்த வேலைக்குப் போகவே முடியாதோ என்ற நிலையும் வந்தது. 2003-ல் கொலம்பியா விண்வெளி ஓடம் ஏழு பேரோடு சிதறியபின், ஹப்பிளுக்கு இனி ஆள் அனுப்புவதில்லை என்று 2004 ஜனவரியில் நாசா அறிவித்தது. 2006-ல் முடிவு மாறியது. 2009 மே மாதம் அட்லாண்டிஸ் ஓடம் கிளம்பியபோது, ஆபத்து நேர்ந்தால் மீட்டுவர எண்டெவர் இன்னொரு ஏவுதளத்தில் தயாராக நின்றது.

நாசாவின் கோடார்ட் மையப் பொறியாளர்களின் கவலையெல்லாம் திருகுகள்மீதே. எடையற்ற வெளியில் ஒன்று நழுவினாலும் தொலைநோக்கிக்குள் புகுந்துவிடலாம். அதனால் மூடியின்மேல் மாட்ட ஓர் ஒளிபுகும் தகட்டைச் செய்தார்கள். அதிலுள்ள துளைகளில் திருகு கழற்றும் கருவியின் முனை நுழையும். கழன்ற திருகு வெளியே வராது. இந்த எளிய தகடு இல்லையென்றால் ஸ்டிஸ் பிழைத்திருக்காது என்றே சொல்லலாம்.

மே 17, ஞாயிறு. விண்வெளி வீரர்கள் மைக் மாசிமினோவும் மைக் குட்டும் வெளியே இறங்கினார்கள். தகட்டை மாட்ட, குறுக்கே இருந்த கைப்பிடியை முதலில் அகற்ற வேண்டும். நான்கே போல்ட். மூன்று கழன்றன, நான்காவதன் தலை தேய்ந்து வழுக்கியது. 111 திருகுகளுக்காக ஒத்திகை பார்த்துப் பார்த்து வந்த மாசிமினோ, எவரும் பொருட்படுத்தாத ஒரு போல்ட்டில் மாட்டிக்கொண்டார்.

கீழே கோடார்டில் அவசரமாக ஒரு மாதிரியை வைத்து இழுத்துப் பார்த்தார்கள். சுமார் 27 கிலோ விசை கொடுத்தால் உடைகிறது. உடையும் துணுக்கு பறந்து வீரரின் உடையைக் கிழித்துவிடக் கூடாதே! கைப்பிடியின் அடிப்பக்கத்தை டேப்பால் சுற்றச் சொன்னார்கள். மாசிமினோ சுற்றினார், முன்னும் பின்னும் ஆட்டினார், ஒரே இழுப்பாக இழுத்தார். கோடிக்கணக்கான டாலர் செலவிட்ட பயணத்தைக் காப்பாற்றியது கடைசியில் கைபலம்தான்!

சிக்கல் அதோடு விடவில்லை. திருகு கழற்றும் கருவியின் பேட்டரி தீர்ந்துபோய், மாற்றுக் கருவிக்காகத் திரும்ப ஓடத்துக்குப் போகவேண்டி வந்தது. ஆறரை மணி நேரத் திட்டம் எட்டு மணி 2 நிமிடத்தில் முடிந்தது. பழைய பலகை வெளியே வந்தது, புதியது உள்ளே போனது, ஸ்டிஸ் கண் விழித்தது.

அதே பயணத்தில் ஆறு புதிய ஜைரோஸ்கோப்புகளையும் பொருத்தினார்கள். தொலைநோக்கி ஆடாமல் குறிபார்க்க உதவுபவை அவை. ஒவ்வொன்றாகப் பழுதாகி, 2024 ஜூன் முதல் ஹப்பிள் ஒற்றை ஜைரோவில் ஓடுகிறது. ஓடங்கள் 2011-லேயே ஓய்வு பெற்றுவிட்டன. தனியார் விண்கலத்தில் போய்ப் பராமரிக்கிறோம் என்று தொழிலதிபர் ஜாரெட் ஐசக்மேன் தரப்பிலிருந்து வந்த யோசனையை, இருக்கிற தொலைநோக்கிக்கே ஆபத்தாகலாம் என்று 2024-ல் நாசா ஏற்கவில்லை.