பார்ட் சிம்ப்சனுக்கு இன்னும் 10 வயசுதான்... பாபி ஹில்லுக்கு மட்டும் எப்படி 21 ஆச்சு? கார்ட்டூன் விதியை உடைத்த 'கிங் ஆஃப் தி ஹில்'

1989 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் டிவியில் 'தி சிம்ப்சன்ஸ்' தொடங்கியபோது பார்ட் சிம்ப்சனுக்கு 10 வயது. இன்றைக்கும் அவனுக்கு 10 வயதுதான். அன்று டிவி முன்னால் உட்கார்ந்து அவனைப் பார்த்துச் சிரித்த 10 வயதுப் பையனுக்கு இப்போது 45 தாண்டியிருக்கும். பார்ட்டின் தங்கை மேகி இன்னும் வாயில் நிப்பிளோடுதான் சுற்றுகிறாள். நம் வீட்டுக் குழந்தைகள் தமிழ் டப்பிங்கில் பார்க்கும் ஷின்-சானை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் 1992-ல் ஒளிபரப்பு தொடங்கியபோதும் 5 வயது, இப்பவும் 5 வயது.

கார்ட்டூன் குடும்பம் என்றால் இப்படித்தான். யாருக்கும் வயதாகாது. ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். வீடு எரிந்தாலும் சரி, வேலை போனாலும் சரி, அடுத்த வாரம் அதே சோபாவில் அதே குடும்பம்.

இந்த விதியை 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி ஒரு தொடர் வெளிப்படையாக உடைத்தது. சுமார் 15 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஹுலு ஓடிடி தளத்தில் 10 அத்தியாயங்களோடு திரும்பிய 'கிங் ஆஃப் தி ஹில்'. 13 வயதில் நாம் விட்டுவிட்டு வந்த பாபி ஹில்லுக்கு இப்போது 21 வயது. டாலஸ் நகரில் ஒரு உணவகத்தில் செஃப். அப்பா ஹேங்க், அம்மா பெக்கி இருவருக்கும் முடி நரைத்துவிட்டது.

கேட்க சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வகைத் தொடர்களில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, முதலில் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்.

கார்ட்டூன் குடும்பத்துக்கு ஏன் வயதாவதில்லை?

நடிகர்களை வைத்து எடுக்கும் குடும்பத் தொடரில் இந்தக் கேள்வியே வராது. குழந்தை நட்சத்திரம் வளர்ந்துவிடும், குரல் உடைந்துவிடும், மீசை முளைத்துவிடும். கதாசிரியர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கதையில் காலம் நகர்ந்தே ஆகணும். கார்ட்டூனில் அந்தக் கட்டாயம் இல்லை. பாத்திரம் வளராது, குரலும் மாறாது. காரணம், சிறுவர்களுக்குக் குரல் கொடுப்பது பெரும்பாலும் பெரியவர்கள், அதிலும் பெண்கள். பார்ட்டுக்கு ஆரம்பத்திலிருந்தே குரல் கொடுத்துவருபவர் நான்சி கார்ட்ரைட். பாபி ஹில்லுக்கு பமீலா ஆட்லன். அந்தக் குரலுக்காகவே 2002-ல் எம்மி விருது வாங்கியவர் அவர்.

இன்னொரு காரணம் காசு. அமெரிக்க டிவி தொடர்களுக்கு உண்மையான வருமானம் முதல் ஒளிபரப்பில் மட்டும் இல்லை. பழைய அத்தியாயங்களை மற்ற சேனல்களுக்கு விற்பதிலும் இருக்கிறது. அப்படி வாங்கும் சேனல் அத்தியாயங்களை எந்த வரிசையில் வேண்டுமானாலும் போடும். திங்கள்கிழமை போட்ட அத்தியாயத்தில் பையன் கல்லூரி முடித்து, செவ்வாய்க்கிழமை அவனே ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் பார்ப்பவருக்குக் குழப்பம். அதனால் காலத்தையே நிறுத்திவிடுவது எல்லோருக்கும் வசதி.

மீறல்கள் முன்பும் இருந்தன. 1960-ல் தொடங்கிய 'தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடரில் 1963-ல் ஒரு குழந்தை பிறந்தது. சிம்ப்சன்ஸில் பக்கத்து வீட்டு மாட் ஃபிளாண்டர்ஸ் 2000-ம் ஆண்டில் இறந்துபோனார், திரும்பி வரவில்லை. ஆனால் பிறந்த குழந்தை குழந்தையாகவே நின்றது, தாயை இழந்த பிள்ளைகளும் வளரவில்லை. கடிகாரம் ஒரு முறை 'டிக்' என்று சத்தம் போட்டுவிட்டு மறுபடி நின்றுவிட்ட மாதிரி.

கார்ட்டூன் மாதிரியே இல்லாத கார்ட்டூன்

1997 ஜனவரி 12-ம் தேதி 'கிங் ஆஃப் தி ஹில்' ஃபாக்ஸில் வந்தது. உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் எம்டிவியில் 'பீவிஸ் அண்ட் பட்-ஹெட்' மூலம் பெயர் (கெட்ட பெயரும்தான்) வாங்கியிருந்த மைக் ஜட்ஜ். இயற்பியல் படித்து, சில காலம் பொறியாளராக வேலை பார்த்து, பிறகு படம் வரைய வந்தவர். இன்னொருவர் சிம்ப்சன்ஸ் கதாசிரியர் கிரெக் டேனியல்ஸ். இவர்தான் பின்னாளில் 'தி ஆஃபிஸ்' தொடரை அமெரிக்காவுக்காக உருவாக்கினார்.

கதைக்களம் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஆர்லன் என்ற கற்பனைச் சிற்றூர். டாலஸ் பக்கத்தில் இருக்கும் கார்லண்ட், ரிச்சர்ட்சன் போன்ற ஊர்களின் சாயல். ஜட்ஜ் அந்தப் பகுதியில் வாழ்ந்தவர். ஹேங்க் ஹில், ஸ்ட்ரிக்லண்ட் புரொப்பேன் என்ற கடையில் உதவி மேலாளர். புரொப்பேன் வேறொன்றும் இல்லை, நம் வீட்டு சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்து வருகிற அதே வாயு. ஹேங்குக்கு அது வெறும் வியாபாரம் இல்லை, கிட்டத்தட்ட மதம். மாலையானால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், வேலியோரம் டேல், பில், பூம்ஹவர் என்ற மூன்று நண்பர்களோடு கையில் பீர் கேனை வைத்துக்கொண்டு நிற்பார். அவ்வளவுதான். அதிகம் பேசக்கூட மாட்டார்கள். பூம்ஹவர் பேசினால் ஒரு வார்த்தையும் புரியாது. பீவிஸைத் திட்டி யாரோ ஒருவர் ஜட்ஜுக்கு விட்டுப்போன போன் மெசேஜில் இருந்து பிறந்த பேச்சு அது!

இந்தத் தொடரில் நாய் பேசாது. பறந்து விழுந்தவன் எழுந்து ஓட மாட்டான், எலும்பு முறியும். கதை நடுவே திடீரென்று சம்பந்தமில்லாத ஜோக் காட்சி வெட்டிக்கொண்டு வராது. 'ஃபேமிலி கை' மாதிரி தொடர்கள் அதை வைத்தே ஓடின, இதில் அதற்கு இடமில்லை. இதை நடிகர்களை வைத்தே எடுத்திருக்கலாமே, எதுக்குக் கார்ட்டூன் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விதான் இந்தத் தொடரின் சிறப்பு என்பேன்.

அடுத்தது அப்பா. அனிமேஷன் குடும்பத் தொடர் என்றால் அப்பா முட்டாளாக, சோம்பேறியாக, குடிகாரராக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். ஹோமர் சிம்ப்சன் கோபம் வந்தால் மகன் கழுத்தை நெரிப்பார், நாமும் சிரிப்போம். ஹேங்க் ஹில் அப்படி இல்லை. நேரத்துக்கு வேலைக்குப் போவார், புல்வெளியை ஒழுங்காக வெட்டுவார், யாரையும் ஏமாற்ற மாட்டார். அவருடைய பிரச்சினை வேறு. மகனைக் கட்டிப்பிடிக்கத் தெரியாது. 'உன்னை எனக்குப் பிடிக்கும்' என்ற வார்த்தை தொண்டையைத் தாண்டி வராது. மகன் பாபியோ குண்டான, மென்மையான, காமெடி மேடையில் நிற்க ஆசைப்படும் பையன். கால்பந்து ஆடத் தெரியாது. அப்பாவுக்கு அவன் எப்போதும் புரியாத புதிர்.

ஒரு பழைய அத்தியாயத்தில் பாபி சிகரெட் பிடித்து மாட்டிக்கொள்கிறான். பாடம் கற்பிக்கிறேன் என்று ஹேங்க் ஒரு பெட்டி நிறைய சிகரெட்டை வைத்து, எல்லாத்தையும் பிடிடா என்கிறார். விளைவு? பையனுக்குப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. எப்போதோ விட்டிருந்த அப்பாவும் அம்மாவும்கூட மறுபடி ஆரம்பித்துவிடுகிறார்கள். சிரிப்பு வருவது அப்பா முட்டாள் என்பதால் இல்லை. நல்லது செய்ய நினைத்து, அவருடைய அப்பா தலைமுறையில் கேட்ட வழியைப் பிடித்ததால்.

பெக்கியைச் சொல்லாமல் போக முடியாது. தற்காலிக ஸ்பானிஷ் ஆசிரியை. தன் ஸ்பானிஷ் மேல் அசாத்திய நம்பிக்கை, ஆனால் மொழி சுத்தமாக வராது. ஒரு முறை மெக்சிகோவுக்குச் சுற்றுலா கூட்டிப்போய், அங்குள்ள சிறுமி ஒருத்தியைத் தன் மாணவி என்று நினைத்து டெக்ஸாஸுக்கே கூட்டி வந்துவிடுகிறார். கடத்தல் வழக்கு! நீதிமன்றத்தில் அவரைக் காப்பாற்றுவது அந்த மோசமான ஸ்பானிஷ்தான்.

காலம் அப்பவே கசிய ஆரம்பித்தது

உண்மையில் 2025-க்கு முன்பே இந்தத் தொடரில் காலம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது. பாபி மெதுவாக 13-ஐ எட்டினான். அவன் நண்பன் ஜோசஃப் ஒரு கோடை விடுமுறைக்குப் பிறகு திடீரென்று உயரமாகி, குரல் உடைந்து திரும்பி வந்தான். அதற்காகவே குரல் நடிகரையும் மாற்றினார்கள். ஹேங்கின் அண்ணன் மாதிரி வளர்த்த பெண் என்று சொல்லும் அளவுக்கு அந்த வீட்டோடு ஒட்டிக்கொண்ட பெக்கியின் அண்ணன் மகள் லூயன், காதலன் பக்லியை ஒரு புரொப்பேன் வெடிவிபத்தில் இழந்தாள். பிறகு வேறொருவரைக் கல்யாணம் செய்து குழந்தையும் பெற்றாள். ஹேங்கின் முரட்டு அப்பா காட்டன், இரண்டாம் உலகப் போர் வீரர், இறந்தே போனார். அடுத்த வாரம் யாரும் உயிரோடு வரவில்லை.

2009 செப்டம்பர் 13 அன்று ஃபாக்ஸில் கடைசி அத்தியாயம். இறைச்சியின் தரத்தைப் பார்த்தே சொல்லும் திறமை பாபிக்கு இருப்பது தெரியவருகிறது. அப்பா பெருமைப்படும் ஒரு விஷயம் கடைசியில் கிடைத்துவிட்டது. இருவரும் சேர்ந்து கிரில் அடுப்பு முன்னால் நிற்பதோடு முடித்தார்கள். ஃபாக்ஸ் ஒளிபரப்பாத நான்கு அத்தியாயங்கள் 2010-ல் வேறு சேனல்களில் வந்தன. மொத்தம் 259.

சவூதி ரிட்டர்ன் ஹேங்க்

புதிய சீசன் தொடங்கும்போது ஹேங்கும் பெக்கியும் சவூதி அரேபியாவிலிருந்து ஊர் திரும்புகிறார்கள். ஓய்வுக்காலத்துக்குப் பணம் சேர்க்க அராம்கோ நிறுவனத்தில் வேலை. அங்கே கம்பெனி குடியிருப்பில் அச்சு அசலாக ஒரு பழைய அமெரிக்கப் புறநகரைக் கட்டி வைத்திருக்க, அதிலேயே வாழ்ந்துவிட்டு வந்தவர்களுக்கு நிஜ அமெரிக்கா அந்நியமாகத் தெரிகிறது. வளைகுடாவில் வருஷக்கணக்கில் இருந்துவிட்டு, விட்டுவந்த ஊர் அப்படியே காத்திருக்கும் என்று நம்பி இறங்கியவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! அவர்களுக்கு ஹேங்கின் முகத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும். நண்பன் பில் கொரோனாவுக்காக உள்ளே போனவர், வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். கார்ட்டூன் ஜோக் மாதிரி ஆரம்பித்து, தனிமையில் போய் முடிகிற காட்சிகள் அவை.

ஆனால் மையம் பாபிதான். அவன் நடத்துவது ஜப்பானிய 'ரொபாட்டா' முறையையும் ஜெர்மன் சமையலையும் கலக்கும் உணவகம். ரொபாட்டா என்றால் கரி அடுப்பு. புரொப்பேனை சாமியாகக் கும்பிடும் மனிதரின் மகன் கரியில் சமைக்கிறான்! பழைய தொடராக இருந்தால் 22 நிமிடத்தில் அப்பா ஜெயிப்பார், அல்லது மகன் திருந்துவான். இப்போது அவனுக்கு 21. சொந்தக் காசு, சொந்த அடுப்பு. அப்பா ஏற்கலாம், ஏற்காமல் போகலாம், ஆனால் அடக்க முடியாது. வயதைக் கூட்டியதால் கிடைத்த புதிய கதை இதுதான். வீட்டில் பீர் தயாரிப்பதை வைத்து அப்பாவும் மகனும் மோதும் அத்தியாயமும் இருக்கிறது. அமெரிக்காவில் சட்டப்படி மது குடிக்கும் வயது 21 என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏன் அந்த எண் என்று புரியும்.

கணக்கு போடுபவர்கள் இங்கே ஒன்றைப் பிடிப்பார்கள். நிஜத்தில் 15 ஆண்டு ஓடியிருக்க, பாபிக்குக் கூடியது 8 வயதுதான். ஆமாம், விதியைப் பாதிதான் உடைத்திருக்கிறார்கள். 28 வயது பாபி என்றால் அது வேறு தொடராகியிருக்கும் என்று பயந்திருக்கலாம். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். அதே ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'லாங் ஸ்டோரி ஷார்ட்' இன்னும் துணிச்சலாகப் போனது. 'போஜாக் ஹார்ஸ்மேன்' உருவாக்கிய ரஃபேல் பாப்-வாக்ஸ்பெர்க்கின் அந்தத் தொடரில் ஒரே யூதக் குடும்பம் ஒரு காட்சியில் குழந்தைகளோடும், அடுத்ததில் நடுவயதுப் பிள்ளைகளோடும் மாறி மாறி வருகிறது.

குரல்களுக்கு வயதாகாது என்பது உண்மையா?

முதலில் சொன்ன காரணத்துக்குத் திரும்புவோம். பாத்திரம் வளராது, குரலும் மாறாது என்றோம். குரல் கொடுக்கும் மனிதர்கள் அப்படி இல்லையே.

லூயனுக்கு (சிறுவயது ஜோசஃபுக்கும்) குரல் கொடுத்த பிரிட்டனி மர்ஃபி 2009 டிசம்பரில் இறந்தார், வயது 32. லூயனின் கணவர் லக்கியாகப் பேசியவர் பாடகர் டாம் பெட்டி, 2017-ல் மறைந்தார். சதிக்கோட்பாடு பைத்தியம் டேலுக்குக் குரல் கொடுத்த ஜானி ஹார்ட்விக், புதிய சீசனுக்கான பதிவு நடந்துகொண்டிருந்தபோது 2023 ஆகஸ்டில் காலமானார். ஜான் ரெட்கார்னாகப் பேசிய ஜொனாதன் ஜாஸ், சீசன் வெளியாக இரண்டு மாதமே இருக்கும்போது, 2025 ஜூன் 1 அன்று சான் அன்டோனியோவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

லூயனை வேறொரு குரலில் பேச வைக்கவில்லை. புதிய சீசனில் அவள் இல்லை. ஜாஸ் பதிவு செய்துவிட்டுப் போன குரல் அப்படியே ஒலிக்கிறது. டேல் விஷயத்தில்தான் வேறு வழி இல்லை. அவர் இல்லாமல் அந்தச் சந்தில் நான்கு பேர் நிற்க முடியாது. ஹார்ட்விக் முடித்துவைத்த அத்தியாயங்களில் அவரே பேசுகிறார், மீதியை அதே தொடரின் பழைய நடிகர் டோபி ஹஸ் எடுத்துக்கொண்டார். எந்த அத்தியாயத்தில் குரல் மாறுகிறது என்று கவனித்துக் கேட்டால் தெரியும். திரையில் டேல் அதே தொப்பி, அதே கறுப்புக் கண்ணாடியோடு, வாயில் சிகரெட்டோடு வேலியோரம் நின்றுகொண்டிருக்கிறார்.