ஒலிப்பதிவும் கூட்டுப் பாடலும்

பிராட்வே கடைத்தெருவின் இரைச்சலிலும், உடன் வரும் தோழனின் குரலை நம் செவி பிரித்துக் கேட்கிறது. ஒலிவாங்கிக்கு அத்திறன் இல்லை. கூவி விற்போர் குரலையும் வண்டிகளின் ஓசையையும் அது சேர்த்தே வாங்கிக்கொள்ளும். ஆதலால், ஒலிப்பதிவுக் கூடத்திற்குத் தடித்த கதவுகள் பொருத்துவர். எதிரொலி எழாதிருக்கச் சுவர்களை மென்பொருள்களால் மூடுவர்.

ஒலிப்பதிவில் பாடகர் குரல் தெளிவாக ஒலித்தால் போதும். வழிபாட்டிலோ அனைவர் குரலும் ஒலிக்க வேண்டும். பாடலை வழிநடத்துபவர் சுருதியை மிக உயர்த்தித் தொடங்கினால், முதியோர் பாதியிலேயே நிறுத்திவிடுவர்.

பிறரைப் பாடவைக்கும் இக்கலையில் கருத்தூன்றியவர், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரிப் பேராசிரியர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). ‘பரட்டை அண்ணன்’ என்றே அவரை அழைத்தனர். (பேராசிரியரை ‘அண்ணன்’ என்றழைக்கும் உரிமை எல்லாக் கல்லூரிகளிலும் கிடைப்பதன்று!) எழுத்தறியாத சிற்றூர் மக்களும் பாடுவதற்காக, நாட்டுப்புற மெட்டுகளில் எளிய பேச்சுத் தமிழில் வழிபாட்டுப் பாடல்களை இயற்றினார். சாதியின் பெயரால் இழிவாகக் கருதி ஒதுக்கப்பட்டிருந்த பறையும் அவ்வழிபாட்டில் முழங்கியது.

அப்பாடல்கள் ஒலிநாடாக்களிலும், அதாவது கேசட்டுகளிலும், பரவின. படிக்கத் தெரியாதவர் கேட்டே கற்றுக்கொள்ள ஒலிநாடா உதவும். எனினும், அதிலுள்ள வடிவமே சரியானது, மற்றவை பிழை என்னும் எண்ணத்தையும் அது வளர்த்துவிடக்கூடும். அப்பாவு அதனை விரும்பவில்லை. மக்கள் தம் ஊர் வழக்கிற்கேற்பப் பாடலை மாற்றிப் பாடுவதையே அவர் வரவேற்றார்.