சத்துமாவு யார் வயிற்றுக்கு போகிறது? எடை கூடாத குழந்தைகளும் அரசு தரும் உதவியும்

அரியலூர்,

பால்வாடியில் சத்துமாவு தருகிறார்கள், முட்டை போடுகிறார்கள். அப்படியும் பல பிள்ளைகள் நோஞ்சானாகவே இருப்பது ஏன்?

2019-21-ம் ஆண்டு தேசிய குடும்பநல கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 25 பேருக்கு வயசுக்கேற்ற உயரம் இல்லை. 22 பேருக்கு வயசுக்கேற்ற எடை இல்லை. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை.

இந்த குறையை போக்க அரசு என்னென்ன செய்கிறது? விவரம் வருமாறு:-

என்ன கிடைக்கும்?

மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சி திட்டம் 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி தொடங்கியது. தமிழகத்தில் எம்.ஜி.ஆர். சத்துணவு திட்டம் 1982-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி வந்தது. இப்போது 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன.

6 மாதம் முடிந்த கைக்குழந்தை, கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய் ஆகியோருக்கு சத்துமாவை வீட்டுக்கே தருகிறார்கள். 2 வயது தாண்டிய குழந்தைக்கு மையத்திலேயே மதிய சாப்பாடு, வாரம் 3 முட்டை. எதற்கும் காசு கிடையாது.

தாய்க்கு பெட்டகம்

'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் 2022-ம் ஆண்டு மே 21-ந்தேதி ஊட்டியில் தொடங்கியது. இதன் 2-ம் கட்டம் 2024-ம் ஆண்டு நவம்பர் 15-ந்தேதி அரியலூர் மாவட்டம் வாரணவாசி அங்கன்வாடியில் தொடங்கி வைக்கப்பட்டது.

பிறந்து 6 மாதம் ஆகாத குழந்தை மிகவும் மெலிந்து இருந்தால், அதன் தாய்க்கு நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் அடங்கிய பெட்டகம் தருவதும் இந்த திட்டத்தில் அடங்கும். குழந்தைக்கு ஏன் தரவில்லை என்று கேட்கலாம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் சாப்பாடு. தாய் நல்லா சாப்பிட்டு தெம்பா இருந்தால்தான் பிள்ளைக்கு பால் கொடுத்து தேற்ற முடியும்.

'எங்க வம்சமே ஒல்லி'

பிள்ளை மெலிந்திருந்தால், 'எங்க வம்சமே அப்படித்தான்' என்று பெரியவர்கள் சொல்லி விடுவார்கள். அதை நம்பி சும்மா இருக்கக்கூடாது. கண்ணால் பார்த்து கண்டுபிடிக்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

6 மாதம் முதல் 5 வயது வரை, மேல்கையின் நடுவில் டேப் வைத்து சுற்றளவு பார்ப்பார்கள். 12½ செ.மீ.க்கு குறைந்தால் கவனம் தேவை. 11½ செ.மீ.க்கும் கீழே போனால் ஆபத்து. இரண்டு பாதங்களிலும் வீக்கம் இருந்து, விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலும் ஆபத்துதான். உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு தூக்கிச் செல்ல வேண்டும்.

மாவு எங்கே போகிறது?

ஒரு பாக்கெட் மாவை வீடே பங்கு போட்டு சாப்பிடுகிறது. சில வீட்டில் பிடிக்கலை என்று ஆடு, மாட்டுக்கு வைத்து விடுகிறார்கள். சிலர் தண்ணியாக கரைத்து ஊட்டுகிறார்கள். அதில் வயிறு ரொம்பும், சத்து சேராது. கரண்டியில் எடுத்தால் ஒழுகாத பக்குவத்தில் கஞ்சி இருக்க வேண்டும். கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு வெந்நீர் விட்டு பிசைந்து உருண்டை பிடித்து கொடுக்கலாம்.

வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பாட்டை நிறுத்துவதும் தப்பு. அந்த ஒரு வாரத்தில்தான் எடை மளமளவென்று இறங்கும். உப்பு சர்க்கரை கரைசலோடு பாலும் சாப்பாடும் தொடர வேண்டும். துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுக்க வேண்டும்.

மறக்காதீங்க

கர்ப்பம் தரித்தது முதல் பிள்ளைக்கு 2 வயது ஆகும் வரை சுமார் ஆயிரம் நாட்கள். அந்த நேரத்தில் குறைந்த உயரத்தை பிறகு ஈடு கட்டுவது ரொம்ப கஷ்டம்.

காலையிலேயே கூலி வேலைக்கு கிளம்புகிறவர்கள் எடை போடும் நாளை தவற விடுகிறார்கள். அம்மாதான் வர வேண்டும் என்று சட்டம் இல்லை. பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ தூக்கிப் போகலாம். அட்டையில் கோடு பச்சையை விட்டு இறங்கினாலோ, 2 மாதமாக ஏறாமல் நின்றாலோ, ஏன் என்று அங்கன்வாடி டீச்சரிடம் கேளுங்கள்.