கவுன்சிலர் இல்லாத ஊரில் கேள்வி கேட்பது

தெருவில் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்பது தமிழ்நாட்டு நகரங்களில் பழகிப்போன காட்சி. அவர் செய்வார், செய்யாமலும் போவார். ஆனால் திட்டித் தீர்க்க ஓர் ஆள் இருக்கிறார், அடுத்த தேர்தலில் தோற்கடிக்க ஒரு பெயர் இருக்கிறது. புதுச்சேரித் தேங்காய்த்திட்டில் அப்படிப் போய் நிற்க ஒரு வாசல் கிடையாது.

1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்ததைப் புதுச்சேரி மக்கள் பார்த்தது 2006இல். அப்போது வென்றவர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதி குறித்தார்கள்; இடஒதுக்கீட்டுச் சிக்கல் சென்னை உயர் நீதிமன்றம்வரை போய், அதுவும் நின்றுபோனது. நகராட்சிகளையும் கொம்யூன் பஞ்சாயத்துகளையும் ஆணையர்களே நடத்துகிறார்கள். வரவு செலவு, டெண்டர், குப்பை ஒப்பந்தம், மார்க்கெட் கடை வாடகை எதுவும் ஒரு மன்றத்தில் நாலு பேர் வாய்விட்டுச் சண்டை போட்டு முடிவாவதில்லை. கோப்பில் தொடங்கிக் கோப்பிலேயே முடிகிறது. அந்தக் கோப்பைப் பார்க்க முடியாதவருக்கு நகராட்சி என்பது வீட்டு வரி ரசீது மட்டும்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பொது ஊழியர் ஒவ்வொருவரிடமும் அவருடைய நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு என்று 1789ஆம் ஆண்டு பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரெஞ்சுக்காரர்கள்தான் 1880இல் இங்கே நகரசபைகளை ஏற்படுத்தினார்கள். கடற்கரைச் சாலையில் இருந்த நகரசபைக் கட்டடத்தை ஊர் இன்றும் ‘மேரி’ என்றுதான் சொல்கிறது. 2014 நவம்பரில் ஒரு மழை நாளில் அது இடிந்து விழுந்தது. பழைய உருவிலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். கட்டடம் வந்துவிட்டது. உட்கார்ந்து பேச வேண்டிய உறுப்பினர்கள்தான் வரவில்லை.

தேங்காய்த்திட்டுக்காரர்களுக்குத் தகவலின் அருமை புதிதல்ல. ஊரின் பெயரே சொல்கிறது: தண்ணீர் சூழ்ந்த மேட்டு நிலம், தென்னந்தோப்பு. அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய இடம் என்பதால் துறைமுகம், மீன்பிடித் துறைமுகம், தூர்வாரல், மணல், அலையாத்திக் காடு என்று அரசுக் கோப்புகள் இந்த ஊரைச் சுற்றியே எழுதப்படுகின்றன. 2006இல் துறைமுக விரிவாக்கத்தைத் தனியார் நிறுவனங்களின் கூட்டமைப்பிடம் கொடுக்க அரசு ஒப்பந்தம் போட்டது. திறந்த டெண்டர் விடாமல் கொடுத்தது சரியா என்று வில்லியனூர் இயற்கைப் பாதுகாப்பு மையம் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2009இல் தீர்ப்பு அரசின் பக்கம் வந்தது. அரசின் கொள்கை முடிவில் எளிதில் கை வைப்பதில்லை என்பது நீதிமன்றங்களின் வழக்கமான நிலை. தீர்ப்பைப் பற்றி அவரவருக்கு ஒரு கருத்து இருக்கலாம். எனக்குத் தெரிவது இதுதான்: கையெழுத்து விழுந்த பிறகு காகிதத்தைத் தேடிப் போனால், பாதிச் சண்டையை முதலிலேயே தோற்றுவிட்டுத்தான் போகிறோம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2005 அக்டோபர் 12 அன்று. தமிழ்நாடு 1997லேயே இப்படியொரு சட்டம் போட்ட முதல் மாநிலம். ஆனால் அது கோரிமேடு எல்லையோடு நின்றுவிட்டது. 2005ஆம் ஆண்டுச் சட்டம்தான் புதுச்சேரிக்கும் சேர்த்து வந்தது.

மனு எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது முதல் வரியிலேயே. “எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, ஆனால் சட்டத்தின் கண்ணில் அது தகவல் ஆகாது. அலுவலகத்தில் ஏற்கனவே இருக்கும் பதிவைத்தான் கேட்க முடியும். புதிதாக விளக்கம் எழுதித் தரச் சொல்ல முடியாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம், ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே ‘ஏன்’ என்பதை விட்டுவிட்டு, காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இன்ன தெருவுக்கு இன்ன நிதியாண்டில் தயாரித்த மதிப்பீடு, பணி ஆணை, ஒப்பந்தம், எம்-புக் என்று பொறியாளர்கள் சொல்லும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பட்டுவாடா செய்த பில், இவற்றின் நகல். முகத்துவாரம் தூர்வாரும் வேலை என்றால் எத்தனை கன மீட்டர் மணல் எடுத்தார்கள், எங்கே கொட்டினார்கள், யார் அளந்து கையெழுத்திட்டார்கள் என்பதற்கான பதிவுகளின் நகல். பெயரும் ஆண்டும் சொல்லிக் கேட்கும்போது, “நீங்கள் கேட்பது தெளிவாக இல்லை” என்று திருப்பி அனுப்ப இடமில்லாமல் போகிறது.

மனுவை நேரில் கொடுக்கப் போனால் கவுன்டரில் ஒரு கேள்வி வரும். “எதுக்கு சார் இதெல்லாம் உங்களுக்கு? யாராவது எழுதச் சொன்னாங்களா?” பதில் சொல்லத் தேவையில்லை. காரணம் கேட்கக் கூடாது, தொடர்பு முகவரியைத் தவிர வேறு சொந்த விவரமும் கேட்கக் கூடாது என்று பிரிவு 6(2) சொல்கிறது. சிரித்துக்கொண்டே சட்டப் பிரிவைச் சொல்லிவிட்டு, மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வந்தால் போதும். வாங்க மறுத்தால் பதிவுத் தபால் இருக்கிறது. வாய்க்கால் நகராட்சியுடையதா, பொதுப்பணித் துறையுடையதா என்று குழப்பமிருந்தாலும் கவலை வேண்டாம். தப்பான அலுவலகத்துக்குப் போன மனுவை 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு.

கட்டணம் 10 ரூபாய். இங்கே ஒரு எல்லைத் தகராறு. தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு அனுப்பலாம். கடலூரிலோ விழுப்புரத்திலோ இருக்கும் சொந்தக்காரர் சொல்லிக்கொடுத்தபடி இங்கேயும் ஸ்டாம்ப் ஒட்டாதீர்கள். யூனியன் பிரதேசம் என்பதால் இந்தச் சட்டத்தில் புதுச்சேரிக்கு உரிய அரசு மத்திய அரசே. அதன் விதிகளில் அந்த வழி இல்லை. அலுவலகத்தின் கணக்கு அதிகாரி பெயருக்குப் போஸ்டல் ஆர்டர் எடுப்பது எளிது. ரொக்கமாகக் கட்டினால் ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பதாகச் சான்று உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. மனுவைத் தமிழிலேயே எழுதலாம். வட்டாரத்தின் ஆட்சிமொழியில் எழுதச் சட்டம் இடம் தருகிறது.

பதிலுக்கு 30 நாள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். கெடு தாண்டிப் பதில் வந்தால் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது, இரண்டு மாதம் கழித்து “ரூ. 640 கட்டவும்” என்று கடிதம் வந்தால் பிரிவு 7(6)ஐ எழுதித் திருப்பி அனுப்பலாம். பதிலே வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் 30 நாளில், நீட்டித்தால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பல பேர் கோபத்தில் இந்தப் படியைத் தாண்டி, பிரிவு 18இன் கீழ் நேராகத் தகவல் ஆணையத்துக்குப் புகார் அனுப்பிவிடுகிறார்கள். அங்கேதான் பொறி. அந்தப் புகாரில் அதிகாரிக்கு அபராதம் போடலாமே ஒழிய, தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது என்று 2011இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. காகிதம் வேண்டுமென்றால் பிரிவு 19இன் மேல்முறையீட்டு வழியில்தான் போயாக வேண்டும்.

இரண்டாவது மேல்முறையீட்டுக்கு 90 நாள் உண்டு. அது போக வேண்டிய இடம் டெல்லி. புதுச்சேரிக்குத் தனித் தகவல் ஆணையம் கிடையாது, சென்னையில் இருக்கும் தமிழ்நாடு ஆணையத்துக்கு இங்கே அதிகாரமும் கிடையாது. சட்டமன்றம் உண்டு, முதலமைச்சர் உண்டு. ஆனால் தேங்காய்த்திட்டு வாய்க்கால் பற்றிய வழக்கை முனிர்க்காவில் உட்கார்ந்திருக்கும் மத்தியத் தகவல் ஆணையம் விசாரிக்கும். டெல்லிக்கு ரயில் ஏற வேண்டாம். ஆன்லைனில் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை, விசாரணை பெரும்பாலும் காணொளியில் நடக்கிறது. ஆனால் முறை வர மாதக் கணக்கில், சிலசமயம் வருடக் கணக்கில் ஆகிவிடும். வாய்க்காலைப் பார்த்தே இராதவர் அத்தனை காலம் கழித்து நம் காகிதத்தைத்தான் படிக்கப்போகிறார். முதல் மனு, பதில், மேல்முறையீடு, அதன் உத்தரவு, தபால் சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் வைத்து, தமிழ் மனுவுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்துவிட்டால் நம் வேலை பாதி முடிந்த மாதிரி.

மறுக்கும்போது அலுவலகங்கள் சொல்லும் காரணங்கள் சுற்றிச் சுற்றி நாலைந்துதான். கோப்பு கிடைக்கவில்லை என்பது ஒன்று. காணோம் என்று மட்டும் சொல்லிக் கைகழுவ முடியாது. முழுமையாகத் தேட வேண்டும், தொலைந்திருந்தால் யார் பொறுப்பு என்று விசாரிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் விஸ்வாஸ் பாம்பூர்க்கர் வழக்கில் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் அதை எடுத்துக் காட்டலாம். வேலைப்பளு இன்னொன்று. பிரிவு 7(9) அதற்காகத் தகவலை மறுக்கச் சொல்லவில்லை, கேட்ட வடிவத்தை மாற்றித் தரத்தான் சொல்கிறது. ஆயிரம் பக்க நகலுக்குப் பதில் நேரில் வந்து பாருங்கள் என்று சொல்லலாம். ஒப்பந்ததாரரின் வணிக ரகசியம் என்பார்கள். டெண்டர் முடிந்து, வேலையும் முடிந்து, பில்லும் பட்டுவாடா ஆன பிறகு எம்-புக்கில் என்ன ரகசியம் என்று கேளுங்கள். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் சுமை அதிகாரியுடையது, நம்முடையதல்ல.

தனிப்பட்ட தகவல் என்ற காரணம்தான் இப்போது கனத்துவிட்டது. முன்பு பிரிவு 8(1)(j)யிலேயே பொதுநலனுக்கு ஒரு வாசல் இருந்தது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாசகத்தை வெட்டி, ‘தனிப்பட்ட தகவல்’ என்ற இரண்டே சொல்லாகச் சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்தது. இனிமேல் கடை ஏலம் எடுத்தவர் பெயர், பயனாளிகள் பட்டியல், அளவெடுத்த பொறியாளர் பெயர் எல்லாவற்றையும் இந்தப் போர்வைக்குள் இழுக்கப் பார்ப்பார்கள். மிச்சமிருப்பது பிரிவு 8(2): விலக்கு பொருந்தினாலும், பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தரலாம். எனவே காரணம் சொல்லத் தேவையில்லை என்ற பழைய பாடத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெயர் இருக்கும் ஆவணத்தைக் கேட்டால், இதில் மக்கள் பணம் இருக்கிறது என்று மனுவிலேயே இரண்டு வரி எழுதிவிடுவது உத்தமம். பிரிவு 10ஐயும் குறிப்பிடுங்கள். கைபேசி எண்ணை மறைத்துவிட்டு மீதிப் பக்கத்தைத் தரச் சொல்லும் பிரிவு அது.

ஆபத்தைப் பற்றி மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும். 2010 ஜனவரியில் புனேக்குப் பக்கத்தில் நில முறைகேடுகளைத் தோண்டிய சதீஷ் ஷெட்டி கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் கிர் காட்டைச் சுற்றிய சுரங்கங்களை எதிர்த்த அமித் ஜேத்வா, குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுடப்பட்டார். ஒரு வாய்க்கால் மனுவுக்கு அவ்வளவு தூரம் போகாது. ஆனால் மணல், நிலம், பெரிய டெண்டர் என்று வந்தால் தனி ஆளாக நிற்காதீர்கள். ஒரே கேள்வியைத் தெருவில் நாலு பேர் நாலு மனுவாகப் போடட்டும். ஒருவரை மிரட்டி நிறுத்தினால் மற்ற மூன்றும் நிற்காது. வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று 2013இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மிரட்டல் வந்தால் அன்றைக்கே எழுத்தில் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

நகல் வாங்குவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். எனக்குப் பிடித்த பகுதி அதற்கப்புறம்தான் வருகிறது. கோப்பை நேரில் பார்க்கலாம்: முதல் மணி நேரம் இலவசம், அடுத்த ஒவ்வொரு மணிக்கும் 5 ரூபாய். குறிப்பு எடுக்கலாம். போட்ட சாலையின் பொருளிலிருந்து சான்றளித்த மாதிரியும் கேட்கலாம். தகவல் என்ற சொல்லுக்குள் சட்டம் அதையும் சேர்த்திருக்கிறது. எம்-புக்கில் கான்கிரீட் 15 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறதா, நாலு பேராகத் தெருவுக்குத் திரும்பி வந்து, உடைந்த ஓரத்தில் டேப்பை வைத்துப் பாருங்கள். 11 என்று காட்டினால், மீதி 4 சென்டிமீட்டருக்கும் பில் போட்டவர் யார், சரிபார்த்தவர் யார் என்பதற்கான பதிவுகளை அடுத்த மனுவில் கேட்கலாம். அதற்கும் 10 ரூபாய்தான்.