குளிர்பதனப் பெட்டியில் குடியேறிய வாடை

விடுமுறைக்குக் கிளம்பும் அவசரத்தில் விடுதியின் பொதுக் குளிர்பதனப் பெட்டியை அணைத்து, கதவையும் சாத்திவிட்டுப் போகிறோம். திரும்பி வந்து திறந்தால் மூக்கைப் பிடிக்க வேண்டியதுதான்.

எல்லா வாடைக்கும் ஒரே மருந்து இல்லை. மீன் கவிச்சிக்கு முக்கியக் காரணம் டிரைமெத்தில் அமைன் என்னும் காரப்பொருள். அமிலம் பட்டால் அது ஆவியாகாத உப்பாகிவிடும். மீனைப் புளித்தண்ணீரில் அலசுவதும் இதனால்தான். ஆகவே வினிகர் கலந்த நீரால் துடைக்கலாம். கெட்டுப்போன பாலின் புளிப்பு வாடை அமிலத்தைச் சேர்ந்தது. அதற்குச் சமையல் சோடா. டுரியான் கதையே வேறு. அதன் கந்தகச் சேர்மங்கள் இவ்விரண்டுக்கும் எளிதில் அடங்கா, பிளாஸ்டிக்கிலும் ஊறிவிடும். சில நாள் கதவைத் திறந்து காற்றாட விட்டு, கரித்தூளை ஒரு கிண்ணத்தில் உள்ளே வையுங்கள். பொறுமை வேண்டும்.

அப்படியும் போகவில்லையா? கதவோர ரப்பர் மடிப்பையும், பின்புறம் நீர் சேரும் தட்டையும் பாருங்கள். பலரும் அவற்றைத் தொடுவதே இல்லை.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வினிகரைக் கையிலெடுத்தால் பிளீச்சைத் தொடாதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் மூடிய சிறிய அறையில் அது நுரையீரலையே பதம் பார்த்துவிடும்.