வெயிலில் வைத்த பவர் பேங்க்

மாணவர்களே, புதுக் கருவி என்றால் எனக்கும் ஆசைதான். ஒன்றைப் பார்த்துவிட்டால், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியும்வரை மனம் அமைதி கொள்ளாது. அதனால்தான், என் படிவம் 4 மாணவன் ஒருவன் சாரணர் முகாமுக்காக வாங்கிய பவர் பேங்கை வகுப்புக்குக் கொண்டு வந்தபோது, பாடத்தை விட்டு என் கண் அதன்மீது போனது. அதன் முதுகில் கறுப்பாக ஒரு சூரியத் தகடு. "வெயிலில் வைத்தால் தானே நிரம்பிவிடும் சார். பிளக்கே வேண்டாம்" என்றான். இரவுச் சந்தையில் 65 வெள்ளி. பல வாரம் சேர்த்த பணம்.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்றேன். பவர் பேங்கை முழுக்கத் தீர்த்துவிட்டு, பகல் 12 மணி முதல் 2 மணி வரை திடலில் வைத்தோம். நல்ல வெயில். பிறகு அவனுடைய கைத்தொலைபேசியை அதில் இணைத்தோம். 6 விழுக்காடு ஏறியது, அதோடு நின்றுவிட்டது. பவர் பேங்க் பழுது என்று அவன் நினைத்தான். பழுது ஒன்றும் இல்லை. கணக்கே அப்படித்தான்.

வாருங்கள், அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். வாட் என்பது குழாயில் நீர் வரும் வேகம் போன்றது. வாட் மணி என்பது வாளியில் சேர்ந்த நீரின் அளவு. 10,000 மில்லிஆம்பியர் மணி என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் மின்கலத்தின் மின்னழுத்தம் 3.7 வோல்ட். 10 ஆம்பியர் மணியை 3.7 ஆல் பெருக்கினால் 37 வாட் மணி. இதுதான் வாளியின் கொள்ளளவு. (உங்கள் பவர் பேங்கைத் திருப்பிப் பாருங்கள். இந்த எண்ணும் பொடி எழுத்தில் இருக்கும்.)

இப்போது குழாய். நண்பகலில், மேகமில்லாத வானத்தின் கீழ், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1,000 வாட் சூரிய ஒளி விழுகிறது. பவர் பேங்கின் முதுகில் உள்ள தகடு 14 சென்டிமீட்டர் நீளம், 7 சென்டிமீட்டர் அகலம். கிட்டத்தட்ட 100 சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு சதுர மீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. ஆகவே அதன்மேல் விழும் ஒளி 10 வாட்தான். நல்ல சிலிக்கன் தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக மாற்றும். மிஞ்சுவது 2 வாட். 37 வாட் மணியை 2 வாட்டால் நிரப்ப பதினெட்டரை மணி நேரம் வேண்டும், அதுவும் நண்பகல் வெயில் நகராமல் நின்றால்! நம் நாட்டில் மேகத்தையும் காலை, மாலைச் சாய்வு வெயிலையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு நாளில் கிடைப்பது நான்கைந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமம். ஆக, குறைந்தது நான்கு நாள். இடையில் வீணாகும் மின்சாரத்தை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. லித்தியம் அயன் மின்கலங்களைப் பொதுவாக 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் மின்னூட்டக்கூடாது. கறுப்புப் பொருள் ஒன்றை உச்சி வெயிலில் வைத்தால் அந்த அளவைத் தாண்டுவது எளிது. காரின் முன்கண்ணாடிக்கு அடியில் வைத்து நான் ஒரு பவர் பேங்கை உப்ப வைத்திருக்கிறேன்; ஆசிரியர்களும் தவறு செய்வார்கள். உப்பியதை மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள், குத்தாதீர்கள், வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

புதிய கண்டுபிடிப்புகள் இதைத் தீர்த்துவிடுமா என்று கேட்பீர்கள். 1954இல் பெல் ஆய்வுக்கூடம் காட்டிய சிலிக்கன் சூரியக்கலத்தின் திறன் ஏறத்தாழ 6 விழுக்காடு. இன்று சிலிக்கனுக்கு மேல் பெரோவ்ஸ்கைட் என்ற பொருளைப் படலமாகப் பூசி, ஆய்வுக்கூடத்தில் 34 விழுக்காட்டைத் தாண்டிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த முன்னேற்றம் இது. ஈரப்பதம் பட்டால் பெரோவ்ஸ்கைட் கெட்டுவிடும் என்பது நம்மைப் போன்ற நாட்டுக்குக் கவலை. ஆனால் 100 விழுக்காடே கிடைத்தாலும் அந்தத் தகட்டில் 10 வாட்டுக்கு மேல் வராது. வீட்டுக் கூரையில் 2 சதுர மீட்டர் பலகை 400 வாட் தருகிறது என்றால், அதற்குக் காரணம் பரப்பளவு.

அடுத்து அணு மின்கலம். சீனாவின் பீட்டாவோல்ட் நிறுவனம் 2024 ஜனவரியில் பிவி100 என்ற மின்கலத்தை அறிவித்தது. "50 ஆண்டுகளுக்குக் கைத்தொலைபேசியைச் சார்ஜ் செய்யவே வேண்டாம்" என்று காணொளிகள் பறந்தன. என் மாணவர்கள் எனக்கு அனுப்பியதும் நிறைய. கருவி உண்மையானதுதான். நிக்கல்-63 என்ற கதிரியக்கப் பொருள் எலக்ட்ரான்களை உமிழ்கிறது. அவை வைரத்தாலான குறைகடத்தியில் மோதி மின்னோட்டம் உண்டாக்குகின்றன. நிக்கல்-63இன் அரை ஆயுள் ஏறக்குறைய 100 ஆண்டுகள் என்பதால் நீண்ட நாள் உழைக்கும்.

அதன் வாட் எவ்வளவு? 100 மைக்ரோவாட். ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பயன்பாட்டில் இருக்கும் கைத்தொலைபேசிக்கு ஒரு வாட் என்று வைத்துக்கொண்டாலும், இதில் 10,000 வேண்டும். ஒன்றின் அளவு 15க்கு 15க்கு 5 மில்லிமீட்டர். பத்தாயிரத்தையும் சேர்த்தால் 11 லிட்டருக்கு மேல், ஒரு வாளி! இன்னொன்றும் கணக்கிட்டுப் பார்த்தேன். 50 ஆண்டுகளில் அந்தச் சிறு மின்கலம் தரும் மொத்த ஆற்றல் ஏறக்குறைய 40 வாட் மணி. அந்த 65 வெள்ளி பவர் பேங்க் ஒருமுறை நிரம்பினால் வைத்திருப்பதும் கிட்டத்தட்ட அதுவே.

அதற்காக அது பயனற்றது என்று எண்ணிவிடாதீர்கள். 1970களில் புளூட்டோனியத்தில் இயங்கும் இதயமுடுக்கிகளை நோயாளிகளின் உடலில் பொருத்தினார்கள். மின்கலம் மாற்ற மீண்டும் நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை என்பதே நோக்கம். குறைந்த வாட் போதும், ஆனால் நிற்கக்கூடாது என்ற இடத்தில் இத்தகைய மின்கலம் பொருத்தமானது. உங்கள் பையில் இருக்கும் கணிப்பானையும் பாருங்கள். விரல் அகலத் தகட்டை வைத்துக்கொண்டு வகுப்பறை விளக்கிலேயே வேலை செய்கிறதே! அதற்கு ஒரு வாட்டின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

என் மாணவன் பவர் பேங்கைத் திருப்பிக் கொடுக்கப் போனான். வாங்கியவரிடம் அந்தக் கடை அடுத்த வாரம் வரவே இல்லையாம். முகாமுக்கு முதல் நாள் இரவு அதை வீட்டுச் சுவரில் செருகி நிரப்பிக்கொண்டான். மூன்று நாள் தாங்கியது. சூரியத் தகடு பையைவிட்டு வெளியே வரவில்லை.